225 கல் என்று வந்த பில்லும் விம்மில் வரைந்த உள்தள்ளல் கோடுகளும்

ஆத்தங்குடியில் என் அத்தான் நடத்தும், தரையில் பதிக்கும் பூக்கல் வார்க்கும் பட்டறைக்காக, வரும் ஆணைகளை அறைவாரியாகப் பிரித்து எத்தனை கல் வார்க்க வேண்டும் என்று கணக்கிட்டுத் தரும் பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் எழுதிக் கொடுத்திருந்தேன். அது பெரிய மென்பொருள் ஒன்றும் இல்லை. 8 அங்குலச் சதுரக் கல்லானால் ஒரு சதுர அடிக்கு 2.25 கல், 10 அங்குலமானால் 1.44 கல் என்ற பெருக்கல்தான் அதன் உயிர்நாடி. மீதியெல்லாம் ஓரக்கல், வண்ணம், வார்க்கும் நாள் என்று வரிசைப்படுத்தும் வேலை.

சென்ற ஆடி மாதம் தேவகோட்டை வீடு ஒன்றுக்கான ஆணை வந்தது. முகப்பு 240 சதுர அடி, வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, சுற்றிய நடை 360 சதுர அடி, ஓர் அறை 100 சதுர அடி, எல்லாம் 8 அங்குலக் கல். முறையே 540, 810, 225 என்று கூட்டினால் 1575 கல் வர வேண்டும். ஸ்கிரிப்ட் அச்சடித்துத் தந்த தாளில் மொத்தம் 225 என்று இருந்தது. அத்தானுக்குக் கணினியைப் பற்றி அதிகம் தெரியாது. கல்லைப் பற்றி நன்றாகத் தெரியும். தாளைப் பார்த்த மாத்திரத்தில், "முகப்புக்கே இது பத்தாதேப்பா" என்று சொல்லி என்னிடம் நீட்டிவிட்டார்.

கடைசி அறையின் எண்ணிக்கை மட்டும் மொத்தமாக வந்திருக்கிறது என்பதைத் தாளிலிருந்தே ஊகிக்க முடிந்தது. ஆனால் நிரலில் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் அக்கா மகள், பாடத்தில் பைத்தான் இருப்பதால் ஆர்வத்தோடு ஓரக்கல் கணக்கை இதில் சேர்த்திருந்தாள். சேர்க்கும்போது ஒரு வரி நான்கு இடைவெளி இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. அந்தச் செயற்கூற்றின், அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டின், எலும்புக்கூட்டைத் தமிழ்ச் சொற்களில் எழுதினால் இப்படி இருக்கும்:

ஒவ்வோர் ஆணைக்கும்:
│   மொத்தம் = 0
│   ஒவ்வோர் அறைக்கும்:
│   │   எண்ணிக்கை = பரப்பு × 2.25
│   மொத்தம் = மொத்தம் + எண்ணிக்கை

கடைசி வரி, அறைகளை ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் மடக்குக்குள் இருந்திருக்க வேண்டும். வெளியே வந்துவிட்டதால், மூன்று அறைகளையும் சுற்றி முடித்த பிறகு ஒரே ஒரு முறை, கடைசியாகக் கையில் இருந்த 225 ஐ மட்டும் கூட்டியது. பைத்தானைப் பொறுத்தவரை இதில் எந்தப் பிழையும் இல்லை. இலக்கணப்படி முற்றிலும் சரியான நிரல். அடைப்புக்குறி இட்டு எழுதும் மொழிகளில் வரி நகர்ந்தாலும் அடைப்பு நகராது. பைத்தானில் வரியின் முன்னால் விட்ட வெற்றிடமே, அதாவது உள்தள்ளலே, இலக்கணம் என்பதால், கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பித்தான் பிழை பார்க்க வேண்டியிருக்கிறது. மேலே ஐந்து வரியில் காட்டியது உண்மைக் கோப்பில் எழுபது வரிக்கு மேல் ஓடுகிறது. மடக்கு தொடங்கும் வரி திரைக்கு மேலே போய்விட்டிருக்க, கூட்டும் வரி மட்டும் கீழே தனியாக நிற்கிறது. மேலே காட்டியபடி கோடுகள் இருந்திருந்தால் ஒரு நொடியில் பிடிபட்டிருக்கும் என்று தோன்றியதுதான் இந்த வேலையின் தொடக்கம்.

விஷுவல் ஸ்டூடியோ கோட் போன்ற, நிரல் எழுதித் திருத்தும் தொகுப்பான்களில் இந்தக் கோடுகள் எதுவும் செய்யாமலே வந்துவிடும் என்பதை அறிவேன். பட்டறைக் கணினியில் இருப்பது 2 ஜிபி நினைவகம். அதில் பில் அடிக்கும் நிரலும் உலாவியும் ஓடினாலே மூச்சு வாங்கும். தொகுப்பான்களில் விம் என்ற இலகுவான ஒன்று மட்டுமே அதில் ஓடுகிறது, எனக்குப் பழகியதும் அதுதான். ஆகவே விம்மிலேயே, கூடுதல் செருகுநிரல் எதுவும் இல்லாமல் செய்வதென்று முடிவு செய்தேன்.

முதலில் செய்தது மிக எளிய வழி. கலர்காலம் என்ற அமைப்புக்கு 5, 9, 13, 17 என்று மதிப்புக் கொடுத்தால் அந்தந்த நெடுவரிசையில் மேலிருந்து கீழாக ஒரு பட்டை விழும். இருண்ட பின்னணியில் அதன் இயல்பு நிறம் அடர்சிவப்பு என்பதால் முதல் பார்வையிலேயே கண் கூசியது. சாம்பலுக்கு மாற்றிய பிறகும் மனம் ஒப்பவில்லை. அந்தப் பட்டைக்கு நிரலைப் பற்றி எதுவும் தெரியாது. உள்தள்ளல் இருக்கிறதா, எழுத்து இருக்கிறதா என்று பாராமல் பேரேட்டில் ரூபாய்க்கும் பைசாவுக்கும் போட்ட செங்குத்துக் கோடு போலக் கோப்பு முழுவதும் ஓடி, இடது ஓரத்தில் தொடங்கும் வரிகளின் சொற்களுக்குக் குறுக்கே விழுந்தது. ஒரு நாள் வைத்திருந்துவிட்டு நீக்கிவிட்டேன்.

அடுத்து லிஸ்ட்சார்ஸ். கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளை எந்தக் குறியால் காட்ட வேண்டும் என்று விம்முக்குச் சொல்லும் அமைப்பு இது. லிஸ்ட் என்ற அமைப்பு இயங்கும்போது மட்டும் நடைமுறைக்கு வரும். இதன் உட்பிரிவுகளில் லீட்மல்டிஸ்பேஸ் என்பது வரியின் தொடக்கத்தில் வரும் இடைவெளிகளுக்கு மட்டும், கொடுத்த எழுத்துத் தொடரைத் திரும்பத் திரும்ப இட்டுக் காட்டும். ஒரு கோடும் அதை அடுத்து மூன்று வெற்றிடமும் கொடுத்தால், நான்கு நான்காகத் தள்ளிய வரியில் ஒவ்வொரு நான்கின் தொடக்கத்திலும் ஒரு கோடு நிற்கும். எனக்கு வேண்டியது இதுவேதான்.

அமைத்தவுடன் ஈ474, செல்லாத மதிப்பு என்ற பிழை வந்தது. நான் கோட்டுக்காக விசைப்பலகையில் இருக்கும் சாதாரணச் செங்குத்துக் கோட்டைக் கொடுத்திருந்தேன். விம்மின் கட்டளை வரியில் அந்த எழுத்து ஒரு கட்டளை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதற்கான அடையாளம். முன்னால் பின்சாய்கோடு இடாவிட்டால் கட்டளை அங்கேயே அறுந்துவிடும். வெற்றிடங்களுக்கும் இதே விதி. ஒவ்வொன்றின் முன்னாலும் பின்சாய்கோடு வேண்டும். சாதாரணக் கோட்டுக்குப் பதிலாகப் பெட்டி வரைவதற்கென்று யூனிகோடில் உள்ள │ என்ற எழுத்தை இட்டேன். டெர்மினலில் வரிக்கு வரி இடைவெளி கூட்டாமல் வைத்திருந்தால் இந்த எழுத்து மேல்வரியையும் கீழ்வரியையும் தொட்டுக்கொண்டு ஒரே கோடாகத் தெரியும். சாதாரணக் கோடு துண்டு துண்டாக நிற்கும்.

மாற்றிய பிறகும் அதே ஈ474. இரண்டு வேறு காரணங்களுக்கு ஒரே பிழை எண் வருவது எவ்வளவு குழப்பம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். பின்சாய்கோடுகளை எண்ணினேன், எழுத்துக் குறிமுறை யூடிஎஃப்-8 தானா என்று பார்த்தேன், மதிப்பை ஒவ்வோர் எழுத்தாகக் குறைத்துப் பார்த்தேன். கடைசியில்தான் பதிப்பைப் பார்த்தேன். பட்டறைக் கணினியின் இயங்குதளமான உபுண்டு 22.04 உடன் வரும் விம் 8.2 இல் லீட்மல்டிஸ்பேஸ் என்ற உட்பிரிவே கிடையாது. 2022 ஜூனில் வந்த 9.0 பதிப்பில் அது இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியதைக் கடைசியில் பார்ப்பது என் பழைய வழக்கம்.

இயங்குதளத்தையே மாற்ற அந்தக் கணினியின் வேகம் இடம் கொடுக்காது என்பதால், விம்மை மட்டும் மூல நிரலிலிருந்து தொகுத்தேன். கான்ஃபிகர் கட்டளை முதல் முறை டெர்மினல் நூலகம் இல்லை என்று நின்றது. லிப்என்கர்சஸ் டெவ் தொகுப்பை நிறுவிய பிறகு ஓடியது. தொகுத்து நிறுவி முடித்து விம்மைத் திறந்தால் மீண்டும் 8.2 என்றே காட்டியது. புதியது யூஎஸ்ஆர் லோக்கல் அடைவுக்குள் சென்றிருக்க, கட்டளைகளை வாங்கி இயக்கும் பேஷ் ஷெல் பழைய விம்மின் பாதையை நினைவில் வைத்திருந்ததே காரணம். டெர்மினலை மூடித் திறந்ததும் சரியாயிற்று. கோடுகள் வந்தன. என் வீட்டுக் கணினியிலும் விம்மின் அமைப்புகளை எழுதிவைக்கும் இதே விம்ஆர்சி கோப்பைப் பயன்படுத்துவதால், பதிப்பு எண் 900 க்குக் குறைவாக இருந்தால் இந்த வரியைத் தாண்டிச் செல்லும்படி ஒரு நிபந்தனையும் சேர்த்தேன்.

நிறம் பற்றிச் சற்று நீட்டிச் சொல்ல வேண்டும். கோடுகள் எடுப்பாகத் தெரிந்தால் நிரலைப் படிக்க முடியாது. தெரியாமல் போனால் போட்டதற்குப் பொருள் இல்லை. விம்மில் இந்தக் குறிகள் எல்லாம் ஸ்பெஷல்கீ என்ற நிறக்குழுவில் வருகின்றன. 256 நிற டெர்மினலில் 232 முதல் 255 வரை கறுப்பிலிருந்து வெளுப்புக்குச் செல்லும் சாம்பல் படிகள் என்பதால் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தால் போதும். இரவில் என் அறையில் உட்கார்ந்து 238 ஐத் தேர்ந்தேன். மிக அழகாக இருந்தது. மறுநாள் பட்டறைக் கணினியில் பார்த்தால் ஒரு கோடும் இல்லை. அந்தக் கணினி இருப்பது பட்டறையை ஒட்டிய வீட்டின் வளவில். திறந்த வானத்திலிருந்து இறங்கும் வெளிச்சம் பகல் முழுவதும் திரைமேல் விழுகிறது. 241 வரை ஏற்றிய பிறகே கோடு தெரிந்தது, இரவில் அது சற்று அதிகம்தான். திரை எங்கே இருக்கிறதோ அங்கே உட்கார்ந்துதான் நிறம் பார்க்க வேண்டும்.

அக்கா மகளை அழைத்துக் காட்டினேன். "மாமா, இந்தக் கோடெல்லாம் ஃபைல்லயும் சேவ் ஆயிடுமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. பட்டறையில் கண்ணாடிமேல் தகட்டு அச்சை வைத்து, கட்டத்துக்குக் கட்டம் வண்ணக் கலவையை ஊற்றிய பிறகு அச்சைத் தூக்கிவிடுகிறார்கள். வண்ணம் நிற்கிறது, தகடு கல்லோடு போவதில்லை. கோடும் அந்தத் தகடு போலத்தான் என்றேன். உடனே புரிந்துகொண்டாள். எத்தனையாவது மட்டத்தில் இருக்கிறோம் என்பதற்கும் அவளிடம், வீட்டுக்குள் வாசலிலிருந்து உள்ளே செல்லும் வரிசையில், முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்றே பேசினேன். "மொத்தம் கூட்டுற வரி இரண்டாங்கட்டுல இருக்கணும், வளவுக்கு வந்திடுச்சு" என்று அவளே தன் பிழையை வாய்விட்டுச் சொன்னாள்.

கோடுகள் வந்ததும் அதுவரை தெரியாத வேறொரு குறை வெளிப்பட்டது. அவள் சேர்த்த ஓரக்கல் செயற்கூற்றில் கோட்டுக்குப் பதில் ^I ^I என்று வரிசையாகக் கிடந்தது. அந்தப் பகுதியை அவள் வேறொரு தொகுப்பானில் டேப் விசையால் தள்ளி எழுதி ஒட்டியிருக்கிறாள். லிஸ்ட்சார்ஸில் டேப்புக்கென்று குறி கொடுக்காவிட்டால் விம் அதை ^I என இரண்டு எழுத்தாகக் காட்டும், அகலமும் குலைந்துவிடும். டேப்புக்கு » என்ற குறியைக் கொடுத்தேன். அது வந்த பிறகு எது இடைவெளி, எது டேப் என்பது பளிச்சென்று தெரிந்தது.

இத்தனை நாள் பைத்தான் ஏன் புகார் சொல்லவில்லை என்றால், ஒரு செயற்கூறு முழுவதும் டேப், மற்றது முழுவதும் இடைவெளி என்றிருந்தால் அது ஏற்றுக்கொள்ளும். ஒன்றுக்குள் மற்றதைக் கலந்தால்தான் சிக்கல். சோதித்துப் பார்க்க, இடைவெளியால் எட்டுத் தள்ளிய வரி ஒன்றை எடுத்து டேப் பகுதியில் ஒட்டினேன். ஒரு டேப்பின் திரை அகலத்தைக் குறிக்கும் டேப்ஸ்டாப்பை நான் 4 என்று வைத்திருப்பதால் திரையில் அது இரண்டு டேப் தள்ளிய வரிகளோடு ஒட்டி, ஒரே நேர்கோட்டில் நின்றது. பைத்தானோ டேப்பை 8 இன் அடுத்த மடங்குக்கு நகர்த்தி எண்ணுகிறது. அந்தக் கணக்கில் எட்டு இடைவெளி என்பது ஒரே ஒரு டேப்புக்குச் சமம். கூடவே ஒரு டேப்பை ஓர் இடமாகவும் எண்ணிப் பார்த்து, இரண்டு கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் டேப்எரர் என்று நிறுத்திவிடுகிறது. திரையில் இரண்டாங்கட்டு, பைத்தானுக்கு வளவு. தொகுப்பான் காட்டும் கோடு தொகுப்பானின் கணக்குப்படி வருவது. மொழியின் கணக்கு வேறாக இருக்கலாம். ஆகவே கோட்டை நம்புவதற்கு முன் கோப்பு முழுவதையும் ஒரே வகை வெற்றிடத்துக்குக் கொண்டுவருவது கட்டாயம் என்று புரிந்தது. பைத்தானின் பெப் 8 நடைமுறைக் குறிப்பும் மட்டத்துக்கு நான்கு இடைவெளி என்றே பரிந்துரைக்கிறது.

இங்கேதான் ஒரு தவறு செய்தேன். டேப்புக்குப் பதில் இடைவெளியை இடச்சொல்லும் எக்ஸ்பேண்ட்டேப்பை இயக்கிவிட்டு, இருக்கும் டேப்புகளை மாற்றும் ரீடேப் கட்டளையைக் கோப்பு முழுவதற்கும் ஓட்டினேன். » குறிகள் மறைந்து ஒழுங்கான கோடுகள் வந்தன. சேமித்துவிட்டு ஓட்டினால், கல் இருப்புப் பட்டியலைப் படிக்கும் இடத்தில், எண் பட்டியலின் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று நின்றுவிட்டது. இருப்புப் பட்டியல் விரிதாளிலிருந்து டேப்பால் பிரித்துச் சேமித்த கோப்பு. அதைப் பிரிக்கும் வரியில், மேற்கோள் குறிகளுக்கு நடுவே டேப் விசையையே அழுத்தி எழுதியிருந்தேன், சோம்பேறித்தனத்தால். ரீடேப் வரியின் முன்பகுதியை மட்டும் பார்ப்பதில்லை. சரங்களுக்குள் இருக்கும் டேப்பையும் இடைவெளியாக்கிவிடும். விம்மின் உதவிப் பக்கத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. முன் நிலைக்குத் திரும்பி, அந்தச் சரத்தில் பின்சாய்கோடும் டி எழுத்தும் கொண்ட குறியீட்டை இட்டு, அதன் பிறகு ரீடேப்பை ஓட்டினேன்.

இதே கையோடு உடைபடா இடைவெளிக்கும் ஒரு குறி கொடுத்துவைத்தேன். வலைப்பக்கத்திலிருந்தோ சொற்செயலியிலிருந்தோ நிரலை நகலெடுத்து ஒட்டும்போது யூ+00ஏ0 என்ற அந்த எழுத்து சில சமயம் தொற்றிக்கொண்டு வரும்; பார்வைக்கு இடைவெளி, பைத்தானுக்குப் புரியாத எழுத்து.

மீதமிருந்த ஆசை ஒன்று: கர்சர் நிற்கும் கட்டின் கோடு மட்டும் தனித்துத் தெரிய வேண்டும். லிஸ்ட்சார்ஸால் இது முடியாது. எல்லாக் கோட்டுக்கும் ஒரே நிறம். கழித்துவைத்த கலர்காலத்தை மீண்டும் எடுத்தேன். நான்கு நிரந்தரப் பட்டைகளுக்குப் பதில், கர்சர் நகரும்போதெல்லாம் அந்த வரியின் உள்தள்ளலைப் பார்த்து ஒரே ஒரு பட்டையை இடம் மாற்றினால் போதும். இண்டென்ட் என்ற சார்பு வரியின் தள்ளலை எண்ணாகத் தருகிறது. அதிலிருந்து ஷிஃப்ட்விட்த்தை, அதாவது ஒரு மட்டத்தின் அகலத்தை, கழித்து ஒன்று கூட்டினால் பட்டை விழ வேண்டிய நெடுவரிசை கிடைக்கும். எட்டுத் தள்ளிய வரிக்கு 5. இதைக் கர்சர் நகரும்போது நிகழும் கர்சர்மூவ்ட் நிகழ்வுக்கு, தானாக ஓடும் ஓர் ஆட்டோகமாண்டாக எழுதினேன்.

ஓடியது, ஒரு விசித்திரத்தோடு. தள்ளலே இல்லாத வரிக்குக் கர்சர் வந்தால் திரையின் வலப்பக்கத்தில், யாரும் கேட்காத 75 ஆம் நெடுவரிசையில் ஒரு பட்டை முளைத்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த பிறகு காரணம் தெரிந்தது: பூஜ்யத்திலிருந்து நான்கைக் கழித்து ஒன்று கூட்டினால் −3. கலர்காலத்தில் கழித்தல் குறியோடு வரும் எண்ணை விம், வரியின் உச்ச அகலமான டெக்ஸ்ட்விட்த்திலிருந்து கழிக்க வேண்டிய அளவாக எடுத்துக்கொள்கிறது. என் டெக்ஸ்ட்விட்த் 78, ஆக 75. கணக்கில் எந்தக் குறையும் இல்லை, கேட்டதுதான் தவறு. தள்ளல் பூஜ்யமானால் மதிப்பை வெறுமையாக்கும்படி திருத்தினேன்.

அதன்பின் சின்னச் சின்னத் திருத்தங்கள். வெற்று வரியில் தள்ளல் பூஜ்யம் என்று வருவதால் பட்டை அணைந்து அணைந்து எரிந்தது. ப்ரெவ்நான்பிளாங்க் சார்பைக் கொண்டு மேலே உள்ள எழுத்துள்ள வரியின் தள்ளலை எடுத்தேன். கர்சர்மூவ்ட் செருகு நிலையில் நிகழாததால் தட்டச்சு செய்யும்போது பட்டை பழைய இடத்திலேயே நின்றது. அந்த நிலைக்கான நிகழ்வையும் சேர்த்தேன். விம்ஆர்சியை மறுபடி மறுபடி ஏற்றிச் சோதித்ததில் அதே ஆட்டோகமாண்ட் பல பிரதிகளாகிக் கர்சர் கனத்துவிட்டது. ஒரு குழுவுக்குள் போட்டு, ஏற்றும்போது முதலில் குழுவைக் காலி செய்யும்படி வைத்தேன். மதிப்பு மாறினால் மட்டும் எழுது என்ற நிபந்தனையைச் சேர்த்த பிறகு அந்தப் பழைய கணினியிலும் தடையின்றி நகர்கிறது. பட்டையின் பின்னணிக்கு 236 கொடுத்திருக்கிறேன்.

பில்லை அச்சிடும் எச்டிஎம்எல் வார்ப்புரு இரண்டிரண்டு இடைவெளியில் எழுதியது. லீட்மல்டிஸ்பேஸ் ஷிஃப்ட்விட்த்தைப் பார்த்துத் தானாக மாறாது என்பதால் அதில் ஒரு மட்டம் விட்டு ஒரு மட்டத்துக்கே கோடு விழுந்தது. கோப்பு வகையைப் பார்த்து, ஒரு கோட்டுக்குப் பின் வரும் வெற்றிடங்களின் எண்ணிக்கையை ஷிஃப்ட்விட்த்தில் ஒன்று குறைத்து அமைக்கும்படி இன்னோர் ஆட்டோகமாண்ட் எழுத வேண்டியிருந்தது.

தீராமல் இருப்பவை இரண்டு. பட்டை திரை முழுவதும் ஓடுவதால் அடுத்த செயற்கூற்றின் மேலும் விழுகிறது. தமிழில் எழுதிய குறிப்புரைகள் இடது ஓரத்திலிருந்து தொடங்கினால் அவற்றின் குறுக்கேயும் நிழல் போல விழுகிறது. மங்கலாக இருப்பதால் பொறுத்துக்கொள்கிறேன். இன்னொன்று, வெற்று வரிகளில் இடைவெளி எழுத்தே இல்லாததால் லிஸ்ட்சார்ஸ் காட்ட எதுவும் இல்லை. கோடு அங்கே அறுந்து மறுவரியில் தொடர்கிறது. விம்மிலிருந்து கிளைத்த நியோவிம்மில் இண்டென்ட் பிளாங்க்லைன் என்ற செருகுநிரல் திரையில் மட்டும் தோன்றும் எழுத்தை இட்டு இந்த இடைவெளியை நிரப்பிவிடும். ஒரு செயற்கூற்றுக்குள் நான்கைந்து வெற்று வரிகளுக்காகத் தொகுப்பானையே மாற்ற எனக்கு விருப்பமில்லை. அக்கா மகள் தன் பகுதியில் வெற்று வரிக்குப் பதிலாக, சரியான தள்ளலோடு ஒரு வரிக் குறிப்புரை எழுதத் தொடங்கியிருக்கிறாள். அவள் எழுதிய இடங்களில் மட்டும் கோடு அறுபடாமல் ஓடுகிறது.